சங்கத்து அறிவிப்புப் பலகையில் இன்னும் ஒரு வரி



நம் சங்கக் கட்டடத்தில் மாடிப்படி ஏறும் இடத்தில் இருக்கும் அறிவிப்புப் பலகையை எல்லோரும் அறிவோம். ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள், தராசுக்கு முத்திரை வைக்கும் முகாம், உணவுப் பாதுகாப்பு உரிமம் புதுப்பித்தல், இலவசக் கண் சிகிச்சை முகாம் என்று எதுவும் அதில் விடுபடுவதில்லை. உறுப்பினர் எவரேனும் மறைந்தால் இரங்கல் செய்தியும் கடையடைப்பு நேரமும் அதிலேதான் எழுதப்படுகின்றன.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆவணி மாதக் காலையில், அந்தப் பலகையில் ஒரு பெயரைப் படித்தோம். வயது 44. மூன்றாம் தலைமுறையாகக் கடை நடத்தி வந்தவர். "மஞ்சள் காமாலையாம்" என்று பேசிக்கொண்டோம். பதினொரு மணி வரை கடைகளை அடைத்தோம். மாலை வாங்கிப் போட்டோம். கடைசி வரை நடந்தோம். அந்தக் காமாலை எதனால் வந்தது என்பது நடந்து போன எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அவர் உயிரோடு இருந்த காலத்திலேயே, இங்கிருந்து பேருந்தில் நாற்பது நிமிடத் தொலைவில், வாரம் இரு முறை ஒரு கூட்டம் நடந்துகொண்டிருந்தது. குடியை விட்டவர்களும் விட விரும்புகிறவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் கூட்டம். கட்டணம் கிடையாது. அப்படி ஒன்று நடப்பது அவருக்குத் தெரியாது. அன்று எனக்கும் தெரியாது. தெரிந்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன். அந்தக் கூட்டம் நடக்கும் இடம், கிழமை, நேரம் ஆகிய மூன்றையும் நம் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இக்கட்டுரையின் வேண்டுகோள் அவ்வளவே. சிறிய காரியம்தான். ஆனால் அந்த ஒரு வரி இல்லாததால் எங்கள் குடும்பம் பட்ட பாடு சிறியதல்ல.

எங்கள் கடையில் நடந்தது

என் சித்தப்பா மகன், எனக்குத் தம்பி முறை, எங்கள் மொத்த வியாபாரத்தில் பங்குதாரர். வெளியூர் வசூல் முழுவதும் அவர் பொறுப்பு. வாரத்தில் மூன்று இரவு லாட்ஜில் தங்குவார். வசூல் நன்றாக இருந்தால் அந்த மகிழ்ச்சிக்கு ஒன்று, செக் திரும்பி வந்தால் அந்த வருத்தத்துக்கு ஒன்று. கம்பெனிக்காரர்கள் நடத்தும் டீலர் மீட்டிங்குகளில் இரவு விருந்து என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? "ஒரு நாளைக்குத்தானே அண்ணாச்சி" என்று கையில் கொடுப்பவர்களும் நம்மவர்களே.

பத்து ஆண்டுகளில் அது இரவுப் பழக்கம் என்பது போய்க் காலைப் பழக்கமாயிற்று. முதலில் கை நடுங்கியது. பிறகு கடை திறக்கும் நேரம் தள்ளிப் போயிற்று. அப்புறம் சிட்டைக்கும் கல்லாவுக்கும் இடையே துண்டு விழுந்தது. பள்ளியில் படிக்கும் பையன் விடுமுறை நாளில் கல்லாவில் உட்கார்ந்தான். கேட்டவர்களிடம் "தம்பிக்குச் சர்க்கரை, உடம்பு முடியவில்லை" என்று நானே சொன்னேன். வியாபாரிக்கு நாணயம்தான் முதல். விஷயம் வெளியே தெரிந்தால் சரக்குக் கடனுக்குக் கிடைக்காது, வட்டிக்குப் பணம் கிடைக்காது, நாளைக்குப் பெண் கொடுப்பவர்களும் யோசிப்பார்கள் என்று பயந்தேன். நாணயத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு நோயை மூடி வைத்தேன்.

நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்துவிடவில்லை. கோயிலில் கயிறு கட்டினோம். பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினோம். ஐயப்பனுக்கு மாலை போடச் சொன்னோம். இரண்டு வருடம் மாலை போட்டிருந்த நாளெல்லாம் தொடவில்லை. மலையிறங்கி வந்து மாலையைக் கழற்றிய அன்றே தொட்டார். மூன்றாம் வருடம், மாலை போட்ட மூன்றாம் நாள், பூஜையில் உட்கார்ந்திருந்தவர் வலிப்பு வந்து விழுந்தார். தெய்வக் குற்றம் என்று பயந்து பரிகாரம் செய்தோம். அது தெய்வக் குற்றமல்ல என்பதைப் பிறகு மருத்துவர் விளக்கினார். பல ஆண்டுகள் அன்றாடம் அதிகமாகக் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. முதல் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். நான்கு நாளுக்குள் நினைவு தடுமாறி, இல்லாததைக் கண்டு அலறும் நிலையும் சிலருக்கு வரலாம். உயிரே போகலாம். ஆகவே முதலில் மருத்துவமனை, மற்றதெல்லாம் பிறகு. இதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு தவறும் செய்தோம். பேருந்து நிலையச் சுவரில் "குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று ஒட்டியிருந்த விளம்பரத்தை நம்பி ஒரு பொடி வாங்கினோம். அதில் என்ன இருந்தது என்று இன்று வரை தெரியாது. குடியை நிறுத்த டைசல்ஃபிராம் என்ற மருந்து 1940-களின் இறுதியிலிருந்தே வழக்கத்தில் இருக்கிறது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் இறங்கி, ஆபத்தில் முடியலாம். அதனால்தான் நோயாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே அதைக் கொடுப்பார்கள். பொடி விற்றவனிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியுமா? அவனிடம் வாங்கியது நம் அறியாமை.

கம்பியில் குத்திய சீட்டு

கடைசியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். மூன்று வாரம் தங்கி, நடுக்கமெல்லாம் நின்று, முகம் தெளிந்து வந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த ஆலோசகர் ஒரு சிறு சீட்டைக் கையில் கொடுத்து, "மருந்தை விட இது முக்கியம். வாரம் தவறாமல் இந்தக் கூட்டத்துக்குப் போகச் சொல்லுங்கள்" என்றார். நான் வாங்கிச் சட்டைப் பையில் வைத்தேன். கடைக்கு வந்ததும் பில் குத்தும் கம்பியில் குத்தினேன். அதன் மேல் லாரி வாடகைச் சீட்டு, அதன் மேல் கூலிச் சீட்டு என்று ஏறிக்கொண்டே போயிற்று.

அறுபதாம் நாள், தீபாவளிக் கொள்முதலுக்கு வெளியூர் போன இடத்தில் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார். "இவ்வளவு செலவழித்தும் புத்தி வரவில்லையே" என்று நான் போட்ட கூச்சலைக் கடைவீதியே கேட்டது. அன்று இரவு தம்பி மனைவி கடைக்கு வந்து, "அத்தான், ஆஸ்பத்திரியில ஏதோ சீட்டுக் குடுத்தாங்களே, அது எங்க?" என்று கேட்டாள். கம்பியைக் கவிழ்த்துத் தேடி எடுத்தோம்.

சீட்டில் இருந்த தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. மருத்துவமனையில் கேட்டு வேறு எண் வாங்கினோம். அதில் பேசியவர் இடத்தைச் சொன்னார். நான் கிழமையைத் தவறாகக் குறித்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை மாலை கடையை முன்னதாகவே அடைத்துவிட்டுப் போனால், தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த பள்ளி அறை பூட்டிக் கிடந்தது. "வியாழன்தான் சார் கூட்டம்" என்றார் காவல்காரர். திரும்பி வரும் வழியில் தம்பி ஒரு கடையைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவரைத் தடுக்க என்னால் முடியவில்லை. கிழமையில் செய்த ஒரு தவறுக்கு அன்று கொடுத்த விலை அது. ஒரு கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடிக்கக் கையும் காலும் நன்றாக இருக்கும் எனக்கே இவ்வளவு அலைச்சல் என்றால், கை நடுங்கிக்கொண்டு, யாரிடமும் கேட்கக் கூசிக்கொண்டு நிற்கிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

வியாழன் அன்று போனோம். எதிரே இருந்த டீக்கடையில் இருபது நிமிடம் நின்றோம். "உள்ளே தெரிஞ்சவங்க யாராவது இருந்தா என்னண்ணே பண்றது?" என்றார் தம்பி. உண்மையிலேயே தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பன்னிரண்டு வருடமாக எங்களோடு கொடுக்கல் வாங்கல் உள்ள வியாபாரி. அவர் யார், என்ன வியாபாரம் என்பதை நான் எந்நாளும் சொல்ல மாட்டேன். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வாங்க அண்ணாச்சி, டீ சாப்பிடுங்க" என்றார். அவ்வளவுதான். மறுநாள் கடைவீதியில் பார்த்தபோது சரக்கு விலையை மட்டுமே பேசினார். எங்கள் நாணயம் அவரிடம் போனது போல் ஒரு நாளும் தோன்றவில்லை. அவருடைய நாணயம் என்னிடம் இரண்டு மடங்காயிற்று.

கூட்டத்தில் என்ன நடக்கிறது?

தெரியாததால்தான் பலருக்குத் தயக்கம். ஆகையால் சொல்கிறேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. என்பது இதன் பெயர். பெயரை வெளியிடாத குடிநோயாளிகள் என்று பொருள். சந்தா கிடையாது. வருகைப் பதிவேடு கிடையாது. ஊர், தொழில், சாதி, மதம் எதையும் கேட்பதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராவதற்குத் தகுதி. ஒருவர் பின் ஒருவராகத் தம் அனுபவத்தைப் பேசுகிறார்கள். பேச விருப்பமில்லாவிட்டால் சும்மா உட்கார்ந்து கேட்கலாம். குறுக்கே பேசுவதோ, கண்டிப்பதோ, அறிவுரை சொல்வதோ இல்லை. கடைசியில் ஒரு பை சுற்றி வரும். முடிந்தவர் பத்து ரூபாய், இருபது ரூபாய் போடுவார்கள். டீக்கும் அறை வாடகைக்கும் அதுவே.

கூட்டங்களில் இரண்டு வகை உண்டு. திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கத்தால் அவதிப்படுகிறவர்களுக்கு மட்டும். உடன் போகிறவர்கள் இதை முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது முறை. ஆகவே எவர் என்ன பேசினார் என்பதை இங்கே எழுதவில்லை. பேருந்தில் திரும்பும்போது தம்பி சொன்னதை மட்டும் அவர் அனுமதியோடு எழுதுகிறேன். "அண்ணே, அங்க ஒருத்தர்கூட என்னைப் பார்த்து, நீ ஏன் குடிக்கிறன்னு கேக்கல."

நான் பத்து ஆண்டுகளாக அதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென்றே 93-ஆம் அதிகாரத்தை வைத்திருக்கிறார். குடித்திருப்பவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிப்பது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போன்றது என்று அதில் சொல்கிறார். இதை மேடைகளில் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். அடுத்த குறளைத்தான் நாம் கவனிப்பதில்லை. தான் குடிக்காமல் தெளிந்திருக்கும் வேளையில் குடித்துக் கிடக்கும் இன்னொருவனைக் கண்டால், தன் நிலையும் இதுதானே என்று அவன் எண்ணிப் பார்க்க மாட்டானா என்று கேட்டு அதிகாரத்தை முடிக்கிறார். அறிவுரைக்கு மசியாதவன் தன்னைப் போன்ற இன்னொருவனைக் கண்டு உணர்வான் என்ற அந்த உண்மையின் மேல்தான் இந்தக் கூட்டமும் நிற்கிறது.

வியாபாரத்துக்குப் போன இடத்தில்

இந்த அமைப்பு பிறந்த கதையே வியாபாரப் பயணத்தில் நடந்ததுதான். நியூயார்க்கில் பங்குச் சந்தைத் தொழிலில் இருந்தவர் பில் வில்சன். குடியால் எல்லாவற்றையும் இழந்து, 1934 டிசம்பரில் நிறுத்தியவர். 1935 மே மாதம், ஓர் இயந்திரக் கம்பெனியின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் பேரத்துக்காக ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போனார். பேரம் தோற்றது. கையில் காசு குறைவு. சனிக்கிழமை மாலை, தெரியாத ஊரில், ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி. மறு பக்கம் தொலைபேசியும் அவ்வூர்த் தேவாலயங்களின் பட்டியலும்.

வசூலுக்கு வெளியூர் போய், வசூலாகாமல் லாட்ஜ் வாசலில் நின்ற அனுபவமுள்ள எவருக்கும் அந்த நிமிடம் புரியும். அவர் தொலைபேசியை எடுத்தார். தன்னைப் போன்ற இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும் என்று கேட்டார். கேட்டு விசாரித்ததில் மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்திக்க முடிந்தது. அவரும் குடியால் தொழிலை இழந்துகொண்டிருந்தவர். கால் மணி நேரம் மட்டும் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்த டாக்டர், பல மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் கடைசியாகக் குடித்த நாளான 1935 ஜூன் 10-ஐயே அமைப்பின் பிறந்த நாளாகக் கொள்கிறார்கள். நம் நாட்டுக்கு இது வந்தது 1957-ல்.

நம் மாநிலத்திலேயே வணிகக் குடும்பம் ஒன்று காட்டிய வழியும் உண்டு. 1928-ல் டி.டி. கிருஷ்ணமாச்சாரி விநியோக வியாபாரமாகத் தொடங்கியது டி.டி.கே. நிறுவனம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979-ல் இள வயதில் மறைந்தார். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் அதை மூடி மறைக்கவில்லை. 1980-ல் கணவர் பெயரிலேயே சென்னையில் அறக்கட்டளை தொடங்கிக் குடிநோய்க்குச் சிகிச்சை அளிக்க முன்வந்தார். இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதன் வளர்ச்சி. 1992-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவ்வளவு பெரிய வியாபாரக் குடும்பத்தின் நாணயம் அதனால் குறைந்ததா, கூடியதா? பெருமக்களே சொல்லட்டும்.

எத்தனை பேருக்குத் தேவை?

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் மையம், மத்திய அரசுக்காக நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு 2019-ல் வெளியாயிற்று. நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு மருத்துவ உதவியோ வேறு உதவியோ தேவைப்படுகிறது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஓர் உதவி கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180-ல் ஒருவர். நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலை எடுத்து, யாரையும் குறிப்பிடாமல், மனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இது பலன் தருமா என்றும் கேட்கலாம். 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 10,565 பேரையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பீடு 2020-ல் வந்தது. ஏ.ஏ. கூட்டத்துக்கு முறையாக அனுப்பி வைக்கும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் மற்ற பெயர் பெற்ற சிகிச்சை முறைகளை விட மேலாக இருந்தது என்பது அதன் முடிவு. எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. மருந்தால் நின்றவர்களும் உண்டு, மனநல ஆலோசனையால் நின்றவர்களும் உண்டு. ஆனால் காசில்லாமல், மருத்துவமனையை விட்டு வந்த பிறகு ஆண்டுக்கணக்கில் கூடவே வருவது இது.

எழக்கூடிய ஆட்சேபங்கள்

செயற்குழுவில் இதைப் பற்றிப் பேச்செடுத்தபோது மூன்று ஆட்சேபங்கள் வந்தன.

"சங்கப் பலகையில் இதை எழுதினால் ஊரில் உள்ளவர்கள் நம்மைக் குடிகாரச் சங்கம் என்பார்கள்" என்றார் ஒருவர். கண் சிகிச்சை முகாம் என்று எழுதுகிறோமே, நம்மைக் குருடர் சங்கம் என்று எவரும் சொன்னதுண்டா? சர்க்கரை நோய் முகாம் நடத்தியபோது வரிசையில் நிற்க வெட்கப்பட்டோமா?

"டாஸ்மாக் கடைகளை மூடினால் எல்லாம் சரியாகிவிடும். அதற்குத்தான் ஆண்டுதோறும் தீர்மானம் போடுகிறோமே" என்றார் இன்னொருவர். தீர்மானம் சரியே, நானும் கை தூக்கியவன்தான். 1937-லேயே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கண்ட நாடு இது. சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே 2003-ல் ஏற்றுக்கொண்ட நாடும் இதுதான். கடைகளை மூடுவதும் திறப்பதும் கோட்டையில் முடிவாகும் காரியம். அது முடிவாகும் வரை, இன்று மாலை கை நடுங்கும் உறுப்பினர் என்ன செய்வார்? அவருக்குத் தீர்மானத்தின் நகலையா கொடுப்பது?

"அங்கே கடவுள், பிரார்த்தனை என்று பேசுகிறார்களாமே, மதம் மாற்றும் வேலையா?" என்று மூன்றாமவர் கேட்டார். அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுள் என்ற சொல் உண்டு; ஆனால் அவரவர் உணர்ந்த வகையில் என்று சேர்த்தே சொல்கிறார்கள். தேவாலயத்து அறை என்பது வாடகைக்குக் கிடைத்த இடம், அவ்வளவே. என் தம்பி நெற்றியில் திருநீற்றோடுதான் போகிறார், திருநீற்றோடுதான் வருகிறார். நாம் இடம் கொடுத்தால் நம் மாடியிலும் நடத்துவார்கள்.

என்ன செய்யலாம்?

என் யோசனைகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன்.

1. அறிவிப்புப் பலகையில் ஒரு மூலையில், அருகில் நடக்கும் கூட்டங்களின் இடம், கிழமை, நேரம், திறந்ததா மூடியதா, தொடர்பு எண் ஆகியவற்றை நிரந்தரமாக எழுத வேண்டும். இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒரு பொறுப்பாளர் பேசிச் சரிபார்த்துத் தேதி போட வேண்டும். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 ஆகிய இரண்டும் கட்டணமில்லாதவை. அவற்றையும் சேர்த்து எழுதலாம்.

2. நம் மாடிக் கூடம் வாரத்தில் ஐந்து நாள் பூட்டித்தான் கிடக்கிறது. ஒரு மாலை ஒன்றரை மணி நேரத்தை இவர்களுக்கு ஒதுக்கலாம். ஆனால் இலவசமாகக் கொடுக்கிறோம் என்று சொல்லிவிடக் கூடாது. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை, தம் செலவைத் தாமே பார்த்துக்கொள்வது என்பது அவர்கள் கொள்கை. சிறு வாடகை பேசி, ரசீது போட்டு வாங்க வேண்டும். கணக்கைக் கணக்காக வைத்துக்கொள்ளும் இந்தக் குணம் வியாபாரிகளான நமக்குப் பிடிக்க வேண்டியதுதானே! அந்த நேரத்தில் சங்கப் பணியாளர் யாரும் மாடியில் இருக்கக் கூடாது; யார் வருகிறார் என்று எவரும் பார்க்கக் கூடாது. சொந்த ஊரில் கூச்சமாக இருந்தால் நம்மவர்கள் அடுத்த ஊருக்குப் போகட்டும். அடுத்த ஊர்க்காரர்கள் இங்கே வரட்டும். கைப்பேசி வழியாகக் கலந்துகொள்ளும் கூட்டங்களும் உண்டு.

3. வீட்டுப் பெண்களை மறந்துவிடக் கூடாது. குடிநோயாளியின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பு 1951 முதல் இருக்கிறது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ். என் தம்பி மனைவி தம்பிக்கு முன்பே தெளிந்தாள் என்றால் அது இந்தக் கூட்டத்தால்தான். அதன் விவரமும் பலகையில் வரட்டும்.

4. சங்க விழாக்களிலும், நாம் ஏற்பாடு செய்யும் சுற்றுலாக்களிலும், டீலர் விருந்துகளிலும் மது கூடாது என்று நாமே கட்டுப்பாடு வைக்க வேண்டும். தீபாவளிக்குப் பாட்டில் கொடுக்கும் வழக்கத்தையும் அத்தோடு விட்டுவிடலாம்.

5. உறுப்பினர் ஒருவர் சிகிச்சைக்குப் போனால், அவர் கேட்டுக்கொண்டால், பாக்கிக்காரர்கள் ஒரு மாதம் பொறுக்கவும், பக்கத்துக் கடைக்காரர் கடையைப் பார்த்துக்கொள்ளவும் சங்கம் பேசி ஏற்பாடு செய்யலாம். மாரடைப்பு வந்தால் செய்கிறோம் அல்லவா?

6. கடைப் பையன்களும் சுமை தூக்குவோரும் நம் பொறுப்பே. குடித்துவிட்டு வந்தவரைக் கணக்கு முடித்து அனுப்புவதற்கு முன்னால், அந்தப் பலகையை ஒரு முறை காட்டுவோம்.

முடிவாக

இந்தக் கட்டுரை அச்சுக்குப் போகும் நாளில் தம்பி குடியை விட்டு ஓராண்டு ஏழு மாதம் ஆகிறது. நடுவில் ஒரு முறை தவறினார். அதற்குப் பிறகு எண்ணிய கணக்கு இது. "இனிமேல் குடிக்கவே மாட்டார் இல்லையா?" என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. அவரிடம் கேட்டால், "இன்னைக்குக் குடிக்கலை" என்பார். அதற்கு மேல் எதுவும் சொல்ல மாட்டார். நாம் அன்றாடம் கடையடைக்கும்போது கல்லாவை எண்ணி அன்றைய கணக்கை அன்றே முடிப்பது போல, அவரும் அன்றைய கணக்கை அன்றே முடித்துக்கொள்கிறார். வசூலுக்கு வெளியூர் போனால், அந்த ஊரில் கூட்டம் எங்கே, எப்போது என்று விசாரித்துக்கொண்ட பிறகுதான் லாட்ஜில் பை வைக்கிறார்.

எழுதி முடித்து அவரிடம் படிக்கக் கொடுத்தேன். என் குடும்பத்து விஷயத்தை எழுத எனக்கு உரிமை உண்டு; அவர் விஷயத்தை எழுத அவர் சம்மதம் வேண்டும். அவரைப் புகழ்ந்து எழுதியிருந்த இரண்டு பத்திகளை அடித்துவிட்டார். மற்றதை விட்டுவிட்டார். திருப்பிக் கொடுக்கும்போது, "அண்ணே, பலகையில கிழமையை மட்டும் சரியாப் போடச் சொல்லுங்க" என்றார்.

அவர் கேட்டது அது ஒன்றுதான். வரும் பொதுக்குழுவில் நான் கேட்கப்போவதும் அதுதான். அந்த எண்ணெய்க் கடைக்காரருக்காகப் பலகையில் இரங்கல் எழுதிய அதே கையால், இன்னும் ஒரு வரியையும் எழுதுவோம்.